சக்கரத்தின் சுற்றும் வாரின் ஓட்டமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



தாமிரபரணித் தண்ணீரைக்கொண்டு 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் உற்பத்தியாகி வருகிறது. கார், பிசானம் என்னும் இரு போக நெல்லையும் அரைக்கும் ஆலையில் எண்ணெய் எஞ்சினை நீக்கி மின்சார மோட்டாரை அமைக்கச் சங்கத்தார் விரும்புவது இயல்பே. ஆனால் பழைய எஞ்சினின் சக்கரத்தையே புது மோட்டாரில் மாட்டிவிடலாம் என்று எண்ணுவோர் சிலர் உளர். அவர்கள் பொருட்டே இவ்விஷயத்தைக் கூற முன்வந்தேன்.

வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கால் ஒன்றில் குடத்தருகே ஒரு நூலும், இரும்புப் பட்டையருகே மற்றொரு நூலும் கட்டுங்கள். சக்கரம் ஒரு முறை சுற்றினால் இரு நூல்களும் ஒரு முறையே சுற்றும். ஆயினும் பட்டையருகேயுள்ள நூல் கடக்கும் தூரம் மிக அதிகம். சுற்றும் வேகத்தைக் கோண வேகம் என்பர். அதை ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது விளிம்பின் வேகம்.

இனி ஆலைக்கு வருவோம். 14 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரத்தின் சுற்றளவு 44 அங்குலம். எஞ்சின் நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் தோல்வார் 1,100 அடி ஓடும். அதே வார் ஹல்லரின் 7 அங்குலச் சக்கரத்தையும் தழுவிச் செல்கிறது. வார் வழுக்காதவரையில் இரு விளிம்புகளின் வேகமும் ஒன்றே. ஆகவே பாதியளவான சக்கரம் இருமடங்கு, அதாவது 600 சுற்றுச் சுற்றும்.

50 சைக்கிள் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்றுச் சுற்றும். அதில் அந்த 14 அங்குலச் சக்கரத்தை மாட்டினால் வார் நிமிஷத்துக்கு ஒரு மைல் ஓட வேண்டும். ஹல்லர் 2,880 சுற்றுச் சுற்ற வேண்டும். அரிசி நொய்யாகும், மோட்டாரும் பாரம் தாங்காது. சக்கரத்தைப் பிய்த்தெறிய முயலும் விசை சுற்றின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், எஞ்சினில் இருந்ததைப்போல் சுமார் 23 மடங்காகும். வார்ப்பிரும்புச் சக்கரம் வெடித்தால் அருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பரிகாரம் எளிது. மோட்டாரில் 5 அங்குலச் சக்கரமும் ஹல்லரில் 12 அங்குலச் சக்கரமும் அமைத்தால் பழையபடி 600 சுற்றே கிடைக்கும். சுற்றையும் குறுக்களவையும் பெருக்கினால் இருபுறமும் ஒரே தொகை வரவேண்டும். இங்கே இருபுறமும் 7,200 வருகிறது.

ஆகையால் கமிட்டியார் யந்திரம் வாங்கும்போது விலையையும் குதிரைச்சக்தியையும் மட்டும் பாராமல், இரு யந்திரங்களின் சுற்றுக்களையும் இரு சக்கரங்களின் குறுக்களவுகளையும் எழுதி வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் பதிந்துகொள்வார்களாக. பணம் கொடுக்குமுன் அந்தப் பெருக்கலை அங்கத்தினர் எவரும் போட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.