பழைய வீட்டு வாகனத்திற்குப் புதிய வானொலி

பாடசாலை அதிபர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தால் கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நானோ இன்று, வாகனமொன்றின் முகப்புப் பலகையிலிருந்த வானொலியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிய கதையைச் சொல்லப் புகுகின்றேன். கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன அறிவு என்று கேட்பீர்கள். வயரைப் பிடித்தவன் என் தம்பி; நான் விளக்குப் பிடித்தவனே. ஆயினும் விளக்குப் பிடிப்பவனும் சிலவற்றைக் கண்டுகொள்கின்றான் அன்றோ?

2019ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில், நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் வாழும் தம்பியிடம் சென்றிருந்தேன். அவனிடம் 1995இற் கட்டப்பெற்ற வீட்டு வாகனம் ஒன்று உண்டு. பியற் டுக்காட்டோ வாகனத்தின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அமைந்த சிறு வீடு. அந்நாட்டார் அதனைப் 'பூபீல்' என்பர். வசிக்கும் வண்டி என்பது பொருள். அதிலிருந்த வானொலி கசற்றும் ஓட்டவல்லது. பழுது எதுவும் இல்லாதது. ஆனால் அதனைத் திருகினால் பெரும்பாலும் இரைச்சலே கேட்டது.

காரணம் பெட்டியில் இல்லை, வானத்தில் இருந்தது. நோர்வே 2017 சனவரியில் தொடங்கி அவ்வாண்டு டிசெம்பருக்குள் தன் தேசிய வானொலிச் சேவைகள் அனைத்தையும் எவ்.எம். அலைவரிசையிலிருந்து நிறுத்தி, இலக்கமுறை ஒலிபரப்புக்கு மாற்றிவிட்டது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. சில உள்ளூர் நிலையங்கள் மட்டும் பழைய வழியில் நின்றன. பாட்டுக் கேளாமற் போவது பெரிய இழப்பன்று என்று சொல்லலாம். ஆனால் அது மலை நாடு. வீதிகள் அடிக்கடி சுரங்கத்துள் நுழைகின்றன. லார்டால் சுரங்கம் ஒன்றே 24.5 கிலோமீற்றர் நீளமுடையது. உள்ளே தீயோ விபத்தோ நேர்ந்தால், போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தார் வானொலி நிகழ்ச்சியை இடைமறித்து வாகனமோட்டிகளுக்கு எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு உண்டு. இரைச்சல் மட்டும் கேட்கும் பெட்டியை வைத்திருப்பவனுக்கு அவ்வெச்சரிக்கை எட்டுவது எங்ஙனம்? தம்பியின் மனைவிக்கு அந்த அச்சம் ஈராண்டாக இருந்தது.

அப்படியிருந்தும் தம்பி அதை மாற்றாதிருந்தான். ஏன் என்பது முகப்புப் பெட்டகத்தைத் திறந்தபோது புலனாயிற்று. உள்ளே, எங்கள் தந்தையார் 1994இல் யாழ்ப்பாணத்திலிருந்து பேசி அனுப்பிய கசற்று இருந்தது. அந்நாட்களில் நம்மவர் பலர் கடிதத்திற்குப் பதிலாக இவ்வாறு பேசி, பயணம் போவோர் கையிற் கொடுத்தனுப்பினர். அவன் வீட்டிலிருந்த கசற்றுக் கருவிகள் யாவும் பழுதுபட்டொழிய, அதனை ஓட்டவல்லதாக எஞ்சியது வாகனத்து வானொலி ஒன்றே. தந்தையார் காலமாகிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. "அண்ணை, இதைக் கழற்றினால் ஐயாவின்ர குரலை எதிலை கேக்கிறது?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. ஒரு கிழமை கழித்து விடையை அவனே கண்டான். அதைப் பின்னர் சொல்வேன்.

பெட்டியைக் கழற்றுவது எளிதாகவே இருந்தது. வாகன வானொலிக்கு 182 மில்லிமீற்றர் அகலமும் 53 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட துவாரம் நியமமாக அமைந்திருப்பதால், புதியது பழையதன் இடத்தில் இசைந்து அமர்ந்தது. வளைந்த கம்பிகள் இரண்டை முகப்பின் இருமருங்கிலும் உள்ள துளைகளிற் செருகினால் விற்பிடி தளர்ந்து பெட்டி வெளியே வரும்.

வயர்களிலேதான் கவனம் வேண்டும். புதிய பெட்டியின் மஞ்சள் வயர் நிலையங்களின் நினைவைக் காப்பதற்கு எந்நேரமும் மின் பெறுவது. சிவப்பு, சாவியைத் திருப்பும்போது மட்டும் பெறுவது. கறுப்பு, புவித்தொடுப்பு. வாகனத்தின் பக்கத்து நிறங்களையோ நம்பலாகாது. சில வாகனங்களில் முதலிரண்டும் இடம்மாறி நிற்கும். தம்பி ஒவ்வொன்றையும் மின்மானியாற் சோதித்தான்.

வீட்டு வாகனத்திற்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றுண்டு. அதில் பற்றரி இரண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவது. மற்றையது விளக்குக்கும் நீர்ப்பம்பிக்கும் மின் தருவது. பழைய வானொலி முதலாவதிலே தொடுக்கப்பட்டிருந்தது. வாகனத்தை ஏரிக்கரையில் நிறுத்தி இரவெல்லாம் வானொலி கேட்டால் மறுநாட் காலை எஞ்சின் கிளம்பாது. ஆதலால் மஞ்சளையும் சிவப்பையும் வீட்டுப் பற்றரிக்கு மாற்றி, சிவப்புக்கு ஓர் ஆளியும் வைத்தான். உருகியைப் பற்றரியின் அருகிலேயே அமைத்தான். வழியில் வயர் உராய்ந்து உலோகத்தைத் தொட்டாலும் தீ மூளாதிருத்தற்காக. நினைவுக்குச் செல்லும் மின்னோட்டம் அற்பமே என்று அவன் சொன்னபோது, ஆசிரியத் தொழிலின் பழக்கம் என்னை விடவில்லை. ஐந்து மில்லி அம்பியர் எனக் கொண்டாலும், பனிக்காலத்தில் வாகனம் ஓடாது கிடக்கும் 180 நாட்களில் 21.6 அம்பியர் மணியாகும். 100 அம்பியர் மணிப் பற்றரியில் ஐந்திலொரு பங்கு! கணக்கைக் காட்டியபின் மஞ்சளுக்கும் ஓர் ஆளி வந்தது.

ஏரியலில் நாங்கள் தவறினோம். இலக்கமுறைக்குப் பழைய எவ்.எம். ஏரியல் பொருந்தாமையால், கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய ஏரியல் ஒன்றை வாங்கியிருந்தான். அதன் புவித்தொடுப்புத் தகட்டைக் கண்ணாடியோரத் தூணின் உலோகத்தில் ஒட்டவேண்டும். நான் பிடித்த விளக்கின் கோணமோ என்னவோ, அதனைப் பிளாஸ்ரிக் மறைப்பின் மேல் ஒட்டிவிட்டான். பழைய வானொலி அலை மெலிந்தால் இரைந்து முனகும். இதுவோ நன்றாகப் பேசிக்கொண்டிருந்து திடீரென வாயை மூடிக்கொள்ளும். மறைப்பைக் கழற்றித் தகட்டை உலோகத்தில் ஒட்டியபின்னரே சீர்ப்பட்டது. அக்கிழமையே லார்டால் சுரங்கத்தினூடு சென்றோம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காத நோர்வீஜிய மொழிச் செய்தி, அறாமல் முழுவழியும் ஒலித்தது. தம்பியின் மனைவி மட்டும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனிக் கசற்று. வாகனத்து வானொலிக்கு வாகனம் வேண்டுவதில்லை, 12 வோல்ற் போதும் என்பதே தம்பி கண்ட விடை. பழைய பெட்டியை உணவு மேசையில் வைத்து, எந்நேரமும் மின் பெறும் வயரையும் சாவி வயரையும் ஒன்றாக்கிப் பற்றரியின் நேர்முனையிலும், புவித்தொடுப்பை மறை முனையிலும் தொடுத்து, ஒலிபெருக்கிகள் இரண்டைப் பூட்டினான். தந்தையார் பேசினார். நெல் விலையைச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொள் என்றார். ஆனால் ஆங்காங்கே குரல் மெலிந்து விரைந்து ஓடியது. நாடா பழுதாகிவிட்டது என்றே தம்பி இத்தனை காலமும் எண்ணியிருந்தான்.

நாடாவில் குறையில்லை. 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதித்து, அதன் டைனமோவிலிருந்தே ஒலிப்பதிவுக் கருவிக்கு மின் எடுத்தோம். மிதி தளர்ந்தபோது நாடா மெதுவாக ஓடிப் பதிந்தது. அதனைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் விரைகின்றது. மிதித்தவன் நான். அவ்விடங்களில் எனக்குக் கால் ஓய்ந்தது என்று தம்பிக்குச் சொன்னேன். பிறகு கசற்றைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தையும் கேட்டோம்.