பட்டிக்கு ஒரு காவல் நாய்

(வானொலியில் ஒலித்த உரை)

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் மழை குறைந்தாலும் கொறங்காடு கைவிடாது. கொளுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியும் இருந்தால் செம்மறியாடு பிழைத்துக்கொள்ளும். ஆனால் 2024, 2025 ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தெருநாய்க் கூட்டம் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் நஷ்டஈடு கேட்டார்கள். ஆகவே புதிதாகப் பட்டி போடுகிறவர்கள், ஆடு வாங்கும்போதே காவலையும் யோசிக்க வேணுமுங்க.

தொடக்கத்தில் பத்துப் பெட்டையாடு, ஒரு கிடாய் போதும். மேச்சேரி இனம் நம்ம காட்டுக்கு ஒத்துவரும். ஆடு ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர அடி இடம் விடுங்கள். மூங்கில் படல் ஆட்டைத்தான் உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. நாய் தாண்டியும் வரும், தோண்டியும் வரும். அதனால் இராத் தங்கும் பட்டிக்கு ஆறடி உயரக் கம்பிவலை கட்டி, அடிப்பாகத்தை ஓரடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். வேலிதான் முதல் காவல். நாய் இரண்டாவது காவல்.

எந்த நாய் வாங்கலாம் என்று கேட்பீர்கள். கோம்பை, ராஜபாளையம் இரண்டும் காவலுக்குப் பேர்போனவை. ராஜபாளையம் குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்குங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள். ஓடுவதைத் துரத்துவது அவற்றின் குணம். நல்ல தாய்க்குப் பிறந்த ஊர்க்குட்டி கிடைத்தாலும் குறைவில்லை.

இனத்தைவிட வளர்ப்புதான் பெரிசு. இரண்டு மாதக் குட்டியாகக் கொண்டுவந்து பட்டியிலேயே ஒரு மூலையில் தடுப்புப் போட்டு வையுங்கள். ஆட்டு வாசனையிலேயே அது வளரணும். வீட்டு வாசலில் பிள்ளைகளோடு வளர்ந்த நாய் வீட்டைத்தான் காக்கும். ஆறு மாதத்துக்கு மேல் விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும். அப்போதே அதட்டித் தடுக்க வேணும். ஒன்றரை, இரண்டு வயது ஆகும்வரை ஆடுகளோடு தனியே விடாதீர்கள்.

வயிறு நிறையச் சோறு போடுங்கள். பசித்த நாய் ஊர் சுற்றும். ஊர் சுற்றுகிற நாய் கூட்டம் சேரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். செத்த ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். சில ஆடுகள் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து சாவதைப் பார்த்திருப்பீர்கள். மூளையில் நீர்க்கட்டி இருந்தாலும் அப்படி வரும். அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கும். அந்தத் தலையை நாய் தின்றால் அதன் குடலில் புழு வளரும். முட்டை நாயின் சாணத்தில் விழும். புல்லோடு மறுபடி ஆட்டுக்குப் போகும். அதனால் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள். செத்த ஆட்டையும், ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியையும் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். வெளியே கிடந்தால் தெருநாய்க்கு நாமே விருந்து வைத்து அழைத்தது போலாகும்.

மூன்று மாத வயதில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மருத்துவர் சொல்லும் நாளில் இரண்டாம் ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஊசியும் தவறக்கூடாது. வெறிநோய் கண்டபின் வைத்தியம் இல்லை. தெருநாய் ஆட்டைக் கடித்தால் கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதரைக் கடித்தாலும் அதேபோலக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேணும். மஞ்சள், சுண்ணாம்பு பூசிக்கொண்டு உட்கார வேண்டாமுங்க.

ஓராண்டுத் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் ஆகிற செலவு ஒரு ஆட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கவனித்து வளர்த்த நாய் பட்டிக்குக் காவல். கவனிக்காமல் விட்டால், நாளைக்கு அடுத்தவர் பட்டியில் புகுவது நம் நாயாகவே இருக்கும்.