வண்ண மீன் தொட்டிக்கு எவ்வளவு வெயில்?

(பண்ணை வானொலிப் பேச்சு)



பயிருக்கு வெயில் வேண்டும், நாற்றுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உபதொழிலாக வண்ண மீன் வளர்க்கிற நம்மில் பலபேர் தண்ணீரைப் பார்க்கிறோம், தீவனத்தைப் பார்க்கிறோம், தொட்டி மேலே விழுகிற வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017-ம் வருஷம் கோடையில் வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். பக்கத்தில் மரம் கிடையாது. வெட்டவெளி. நல்லதுதானே, மீன் நல்ல நிறமாக வரும் என்று நினைத்தேன். தங்கமீனும் மோலியும் விட்டேன். மூன்றே வாரத்தில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. மீனும் கொழுகொழுவென்று வளர்ந்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் வண்டி கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார். புதன்கிழமை பூராவும் மேகமூட்டம். விற்கப்போகிற மீனாச்சே என்று அன்றைக்குத் தீவனத்தைக் கூடுதலாகப் போட்டேன். ராத்திரி கரண்ட் போய் காற்றுக் குழாய் நின்றது. விடியற்காலம் நாலரை மணிக்கு டார்ச்சு அடித்துப் பார்த்தால், மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வியாபாரி வண்டி வருவதற்குள் முக்கால்வாசி மிதந்துவிட்டது. பெரிய மீனாகப் பார்த்துத்தான் முதலில் போயிற்று. பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "யாராவது மருந்து கலந்துட்டாங்களாடா?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் மிதக்கிறது என்று அர்த்தம். அதுவும் ஒரு பயிர்தான். பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு பிராணவாயுவை வெளியே விடும். ராத்திரி ஆனால் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அதே பிராணவாயுவைத் தானும் எடுக்கும். ஆகவே பொழுது விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு ஆகக் குறைவாக இருக்கும். முதல் நாள் மேகமூட்டமாக இருந்தால் பகலிலும் போதுமான அளவு சேர்ந்திருக்காது. தின்னாத தீவனம் அழுகினால் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். என் தொட்டியில் இது மூன்றும் ஒரே நாளில் கூடி வந்தது.

அப்படியானால் பச்சைத் தண்ணீரே ஆகாதா என்றால், அப்படியும் இல்லை. குஞ்சு மீனுக்கு அது நல்ல இரை. நீர்த்தெள்ளு வளர்ப்பதற்கும் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். அளவு மீறக்கூடாது, அவ்வளவுதான். அளவைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். தெரிந்தால் பயமில்லை. தெரியவில்லை என்றால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரானால் அப்படியே விடாமல் உயரத்திலிருந்து தெளித்தாற்போல விழ விடுங்கள், அந்தத் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்து விடுங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடலாமா என்று சிலபேர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது மீனுக்கும் விஷம். பாசி ஒரே மூச்சில் செத்து அழுகினால் இருக்கிற பிராணவாயுவும் போய்விடும்.

மூல காரணம் வெயில் என்பதால் வெயிலைத்தான் சரிசெய்ய வேண்டும். காலை வெயில் மூன்று, நாலு மணி நேரம் விழட்டும். உச்சி வெயிலும் மேற்கு வெயிலும் நேராக விழக்கூடாது. காய்கறி நாற்றங்காலுக்குக் கட்டுகிற பாதி நிழல் தருகிற பச்சை வலையே போதும். வலை வாங்க வசதி இல்லாவிட்டால் தொட்டியின் மேற்குப் பாதிக்குத் தென்னங்கீற்று போட்டாலும் சரிதான். அசோலா வளர்க்கிறவர்கள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு அசோலா மிதக்க விடலாம். நிழலும் ஆச்சு, தண்ணீரில் இருக்கிற உரச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். மிஞ்சினதை அள்ளி மாட்டுக்குப் போடுங்கள். தொட்டி பூராவும் மூடிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாக இருட்டாக்கினாலும் ஆகாது. இருட்டிலேயே வைத்த தங்கமீன் நிறம் வெளுத்துப்போகும், வெளுத்த மீனுக்கு விலை கிடையாது.

இனி கண்ணாடித் தொட்டி. அதில் நீர்ச்செடி வைத்து விற்கிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். விளக்கு போடுங்கள். பழைய குண்டு பல்பு வேண்டாம், சூடுதான் அதிகம். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்ட வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு, இரண்டடித் தொட்டிக்கு 10 வாட்டு இருந்தால் சாதாரணச் செடிகளுக்குப் போதும். புதுத் தொட்டிக்கு முதலில் தினம் ஆறு மணி நேரம். பிறகு வாரத்துக்கு அரைமணி கூட்டி, எட்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருநாள் நாலு மணி, மறுநாள் பன்னிரண்டு மணி என்று போட்டால் செடி கெடும், பாசி பிழைக்கும். ஆகவே ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

செடியே உங்களுக்குக் கணக்குச் சொல்லும். இலைக்கு இலை இடைவெளி நீண்டு, நிழலில் வளர்ந்த நாற்று மாதிரி நெட்டையாகப் போனால் வெளிச்சம் போதவில்லை. கண்ணாடியில் பச்சைப் படலம் படிந்தால் வெளிச்சம் அதிகம். புதுத் தொட்டியில் பழுப்புப் படலம் வந்தால் அது பெரும்பாலும் தானே போய்விடும், அதற்காக விளக்கை மாற்ற வேண்டாம். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு நேயர், தொட்டியில் பவளம் வளர்க்கலாமா என்று கடிதம் எழுதியிருந்தார். பவளம் என்பது உயிர்ப்பிராணி. அதன் உடம்புக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சமைக்கிற சாப்பாட்டில்தான் பவளம் பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. வெளிநாடுகளில் இதைத் தொட்டியில் வளர்க்கிறவர்கள் நீல வெளிச்சம் கலந்த விளக்கு போடுகிறார்கள். ஆழம் போகப் போகச் சிவப்பு வெளிச்சம் முதலில் மறைந்து, நீலம்தான் ஆழத்துக்குப் போய்ச் சேரும் என்பதால் அப்படி. புதிதாக வந்த பவளத்தை முதலில் மங்கிய வெளிச்சத்தில் அடியில் வைத்து, மூன்று நாலு வாரத்தில் சிறுகச் சிறுக வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். நாம் நிழலில் வளர்த்த கன்றை வெயிலுக்குப் பழக்கிய பிறகு நடுகிறோமே, அதே வேலைதான். திடீரென்று கூட்டினால் உள்ளே இருக்கிற பாசி வெளியேறிவிடும், பவளம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். சூடு கூடினாலும் இதே கதிதான். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் நம் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளம் அப்படி வெளுத்தது. ஆனால் நேயரே, பவளத்தைக் கடலில் இருந்து எடுக்க நமக்கு உரிமை இல்லை. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிபட்டால் வழக்கு, சிறை. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களுக்கு நல்ல தண்ணீர் மீன் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். ராத்திரி இருட்டில் தொட்டி விளக்கைப் பட்டென்று போட்டால் மீன் மிரண்டு துள்ளி வெளியே விழும். முதலில் அறை விளக்கைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். நியான் டெட்ரா குஞ்சு பொரிக்க வைக்கிறவர்கள் முட்டை இட்ட தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள், அந்த முட்டைக்கு வெளிச்சமே ஆகாது.

அன்றைக்குப் பிறகு நான் அந்தச் சிமெண்டுத் தொட்டிக்கு மேற்கே ஒரு முருங்கை வைத்திருக்கிறேன். இலை உதிர்கிற காலத்தில் மட்டும் வலை கட்டுகிறேன்.