உள்ளங்காலையும் ஒருமுறை பார்ப்போம்

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியத் துறைக்குப் போன எங்களிடம், பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. மார்பகப் புற்றுநோய் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே, ‘அது வெள்ளைக்காரருக்கு வருவது’ என்று நாம் ஒதுக்கிவிடும் ஒரு நோயைத் தெரிவுசெய்தோம். அதன் பெயர் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் கலங்களில் தோன்றும் புற்றுநோய் இது.

பாசிக்குடாவில் வெளிநாட்டுப் பெண்கள் மணிக்கணக்காக வெயிலில் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். தோல் கபில நிறமாவது அவர்களுக்கு அழகு. உண்மையில் அந்த நிறம், கழியூதாக் கதிர்கள் கலங்களைத் தாக்கியதற்கு அடையாளம். வெயில் குறைந்த நாடுகளில் இதற்கென்றே விளக்குகள் பொருத்திய படுக்கைகள் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் அவற்றை, புகையிலையும் அஸ்பெஸ்டஸும் இருக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டிலும், அவுஸ்திரேலிய மாநிலங்கள் பல 2015இன் தொடக்கத்திலும் அவற்றை வியாபாரமாக நடத்துவதைத் தடைசெய்தன. வேறு நாடுகளில் வாழும் நம் சகோதரிகள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். எந்த நிறத் தோலுக்கும் அந்தப் படுக்கை நல்லதல்ல.

நமது தோலில் மெலனின் அதிகம். வாவியில் வலை வீசுபவரையும் வயலில் நிற்பவரையும் பெருமளவு காப்பது அதுதான். ஆகவே மெலனோமா நமக்கு வருவது குறைவு. ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடங்களில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அவ்விடங்கள். அங்கே வருவதற்கு வெயில் முக்கிய காரணமல்ல. நமது நிறமும் அங்கே காவல் நிற்பதில்லை.

ஜமேக்காப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது இந்த நோய்தான். உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணினார்கள். 1981 மே மாதம், 36ஆவது வயதில் அவர் இறந்தார்.

எங்கள் பக்கத்தில் கால் காயத்துக்குக் காரணம் தேடத் தேவையில்லை. முள் ஏறும், மட்டி ஓடு வெட்டும். நீரிழிவு இருந்தால் புண் ஆறச் சுணங்கும். ஆகவே, “அது முள்ளுக் குத்தினது பிள்ளை, மாறிவிடும்” என்று அம்மா சொன்னால் நாமும் நம்பிவிடுகிறோம். வீட்டில் எல்லோருடைய காலுக்கும் மருந்து கட்டுகிற பெண்ணின் காலை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் அவர் வரும்போது நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கக்கூடும்.

எதைப் பார்க்க வேண்டும்? உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பெருக்கும், ஓரம் ஒழுங்கற்ற கறுப்புப் படை. ஒரே ஒரு நகத்தில் தோன்றி அகலமாகிவரும் கருங்கோடு. அந்தக் கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுதல். காரணமின்றி இரத்தம் கசியும் அல்லது வாரக்கணக்கில் ஆறாத புண். நிறமோ வடிவமோ மாறும் மச்சம். பயப்படவும் வேண்டாம். நம்மைப் போன்ற நிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது சாதாரணம். சில மெலனோமாக்களுக்குக் கருமையே இருக்காது என்பதால், ஆறாத எந்தப் புண்ணையும் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் தோல் நோய் வைத்தியர் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ‘கத்தி பட்டால் பரவும்’ என்பது வீண் பயம். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் இருக்கும்போதே வெட்டி அகற்றினால் மிகப் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். ஆழம் கூடக்கூட அந்த வாய்ப்புக் குறைகிறது.

இன்னொன்று. அங்கே கறுக்க வெயிலில் கிடக்கிறார்கள். இங்கே நாம் வெளுக்கக் கிறீம் பூசுகிறோம். சில வெண்மைக் கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் ஒழிப்பதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்தன. ஆனாலும் தயாரித்தவர் பெயரோ உள்ளடக்க விபரமோ இல்லாத டப்பாக்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கலியாணம் பேசும் வயதில் ‘பிள்ளை கொஞ்சம் கறுப்பு’ என்று சொல்வதை நாம் நிறுத்தினால், அவற்றை வாங்குவோரும் குறைவார்கள். உச்சி வெயிலுக்குக் குடையும் நீளக் கைச் சட்டையும் போதும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒருநாள், குளித்த பின் உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள் என்று பாருங்கள். குனிய முடியாத அம்மாவுக்கும் மாமிக்கும் நீங்களே பார்த்துவிடுங்கள். தூரதேசத்தில் இருப்பவர்கள் தொலைபேசியில் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கும்போது, “காலைப் பார்த்தீர்களா?” என்றும் கேளுங்கள். மாற்றம் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே கூட்டிச் செல்லுங்கள்.