மூச்சை மெல்ல விடப் பழகுவோம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழா நாளில் வருத்தத்தைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் இந்த மண்டபத்துக்கு வரும்போது எமது மூத்த அக்காமார் சிலர் வழியில் இரண்டு, மூன்று தடவை நின்று மூச்சு வாங்கியதை நாம் கண்டோம். அவர்களுக்காகவே இந்தச் சில நிமிடங்கள்.

நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்றதும் புகைப்பவர்களையே நினைக்கிறோம். எமது அம்மாமாரில் பலர் சுருட்டையோ சிகரெட்டையோ தொட்டதே இல்லை. ஆனால் நாற்பது, ஐம்பது வருடங்கள் பொச்சுமட்டையும் ஈர விறகும் வைத்து அடுப்பு ஊதினார்கள். அந்தப் புகையும் இதே நோயைத் தரும். நாமோ அதைத் தொய்வு என்றும் வயதுக் களைப்பு என்றும் சொல்லி விட்டுவிட்டோம்.

வைத்தியர்களாகிய எங்களிடமும் பிழை உண்டு. கிளினிக் நெரிசலில் இன்ஹேலரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வீட்டில் மூச்சு முட்டினால் பிள்ளைகள் "நல்லா மூச்சை இழுங்கோ அம்மா" என்று பதறுகிறோம். அவர்களுடைய கஷ்டம் பெரும்பாலும் மூச்சை விடுவதில்தான் தொடங்குகிறது. வேகமாக விடும்போது தளர்ந்துபோன சிறு சுவாசக் குழாய்கள் மூடிக்கொள்ளும். பழைய காற்று உள்ளே தங்கிவிடும். நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் வார்க்க முடியுமா?

ஆகவே முதலில் விடப் பழகுவோம். கதிரையில் இருந்து தோள்களைத் தளர்த்துங்கள். வாயை மூடி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை சாதாரணமாக மூச்சை எடுங்கள். பின் உதடுகளைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் சாயுமளவுக்கு மெல்ல ஊதியபடி நான்கு எண்ணும்வரை விடுங்கள். பலவந்தமாக ஊத வேண்டாம். குவித்த உதடுகள் தரும் எதிரழுத்தம் குழாய்களைத் திறந்து வைத்திருக்கும்.

களைப்பில்லாத நேரத்தில் பழகினால்தான் களைக்கும்போது கைகொடுக்கும். எழும்பும்போதும், படி ஏறும்போதும், வாளி தூக்கும்போதும் மூச்சை விட்டபடி செய்யுங்கள். மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றி இருங்கள். மூச்சை அடக்கி வைக்கும் பயிற்சிகளை, வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும், வைத்தியரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இதனால் நுரையீரல் பழையபடி ஆகிவிடாது. இன்ஹேலரையும் நிறுத்தக்கூடாது. ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், தடுமாற்றமோ அசாதாரண நித்திரை மயக்கமோ வந்தால் பயிற்சி செய்து பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். இலங்கையில் 1990ஐ அழைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். "அசையாமல் படுத்திருங்கோ அம்மா" என்று அன்பினால் சொல்கிறோம். நடக்காவிட்டால் கால்கள் மெலியும். மெலிந்த கால்கள் இன்னும் களைக்க வைக்கும். வைத்தியரைக் கேட்டு, இன்று படலை வரை, அடுத்த கிழமை சந்தி வரை நடக்கச் சொல்லுங்கள்.

எமக்குச் சங்கீதம் கற்பித்த ரீச்சர், வரி முடியுமட்டும் மூச்சை மிச்சம் பிடிக்கப் பழக்கினார். அதே வித்தைதான் இது. அடுத்த முறை அம்மாவுடன் வீடியோ அழைப்பில் பேசும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்ட பிறகு, ஐந்து நிமிடம் அவருடன் சேர்ந்து நாமும் ஊதுவோம்.