பட்டம் பெற்ற பின்னர்



பட்டம் பெற்ற பிள்ளைகளைச் சர்க்கார் உத்தியோகம் ஒன்றையே நம்பி ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருத்தி வைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். எனவே 2024-ஆம் ஆண்டில் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். இடங்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு.

தேர்வு எழுத வேண்டாம் என்று கூறவில்லை. அரசு ஊழியனாகிய நான் அவ்வாறு கூறினால் நகைப்பீர்கள். இத்தனை முறைதான் எழுதுவது என்று எல்லை வகுத்துக்கொண்டு, அதுவரை ஒரு தொழிலிலும் கை பழகட்டும். வணிகவியல் படித்த மகள் பால் சங்கக் கணக்கை எழுதிப் பார்க்கலாம். வேளாண்மைப் பட்டதாரிகளுக்கு, 2002-இல் தொடங்கிய அக்ரி கிளினிக் திட்டத்தில் பயிற்சியும் கடன் மானியமும் உண்டு.

விவரம் கேட்கத் தந்தையர் மட்டுமே வருகிறீர்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களுடைய விருப்பத்தை அவர்கள் வாயாலேயே கேட்போம்.