தோண்டியவன் பெயர் யாருக்குத் தெரியும்?



கதைகளில் வருகிற வில்லன்கள் ஏன் இப்படிச் சுற்றி வளைத்துத் திட்டம் போடுகிறார்கள்? இதுதான் மன்றத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி சினிமாவை எடுத்துக்கொண்டு வெளுத்து வாங்கிவிட்டார். கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டு, கடிகாரத்தைக் காட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விடுகிற வில்லன்களைச் சொன்னபோது இந்த மண்டபமே அதிர்ந்தது. நானும் ஒரு படத்தைச் சொல்லிவிட்டு என் ஊருக்குப் போகிறேன். என் ஊர் வாரணாவதம். (கைதட்டல்)

1964ஆம் ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்'. அமெரிக்க அரசாங்கத்தின் தங்கத்தில் பெரும்பகுதி ஃபோர்ட் நாக்ஸ் கோட்டையில் இருக்கிறது. அந்தத் தங்கத்தை வில்லன் திருடப் போவதில்லை. அணுகுண்டு வைத்து, அந்தத் தங்கத்தை யாருமே தொட முடியாதபடி செய்துவிட்டால், தன் கையில் இருக்கிற தங்கத்தின் விலை ஏறிவிடும் என்று கணக்குப் போடுகிறான். ஊரில் இருக்கிற ரவுடித் தலைவர்களையெல்லாம் வரவழைத்து, கோட்டையின் மாதிரியைத் தரையிலிருந்து எழுப்பிக் காட்டி, எப்படி உள்ளே நுழைவது, எப்படி வெளியே வருவது என்று பாடம் நடத்துகிறான். பாடம் முடிந்ததும் கேட்டவர்களை விஷவாயு விட்டுக் கொன்றுவிடுகிறான்! கொல்லப் போகிறவனுக்கு எதற்கய்யா பாடம்? அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு பாண்ட் மாதிரிக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறான். கடைசியில் திட்டம் எங்கே உடைகிறது தெரியுமா? வாயுவைத் தூவ வேண்டிய விமானப் படையின் தலைவி மனம் மாறுகிறாள். அவள் வாயுவை மாற்றி வைக்கிறாள், அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு பெண்ணின் மனம் அவன் கணக்கில் வரவில்லை.

இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டம் பெரிதானால் ஆள் அதிகம் வேண்டும். ஆள் என்றால் அவனுக்கும் ஒரு மனசு உண்டு.

கம்சனைப் பாருங்கள். தங்கை தேவகியின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று வானத்திலிருந்து குரல் வந்துவிட்டது. என்ன செய்தான்? தேவகியையும் வசுதேவரையும் ஒரே சிறையில் வைத்தான்! (சிரிப்பு) தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குப் புரிந்த கணக்கு மதுராவை ஆண்டவனுக்குப் புரியவில்லை. அப்புறம் பூதனை வந்தாள், பாலில் விஷம். சகடம் வந்தது, சூறாவளி வந்தது, கொக்கு வந்தது, மலைப்பாம்பு வந்தது. எல்லாம் தோற்ற பிறகு, வில் விழா என்று ஒரு விழாவை ஏற்பாடு செய்து, வாசலில் குவலயாபீடம் என்கிற யானையை நிறுத்தி, உள்ளே சாணூரன், முஷ்டிகன் என்ற மல்லர்களை நிறுத்தி, கண்ணனை மரியாதையாக அழைத்துவர அக்ரூரரை அனுப்பினான். அக்ரூரர் யார்? கண்ணனை நினைத்து நினைத்து உருகுகிறவர். போன இடத்தில் கம்சனின் எண்ணம் அத்தனையையும் சொல்லிவிட்டார். அழைப்பிதழ் கொண்டுபோனவரே திட்டத்தையும் கொடுத்துவிட்டார் ஐயா! (கைதட்டல்)

சரி, மகாபாரதத்து வாரணாவதத்துக்கு வருகிறேன்.

துரியோதனன் முதலில் நேர்வழியைத்தான் பார்த்தான். பிரமாணகோடியில் பீமனுக்கு உணவில் விஷம் கொடுத்தான், கொடியால் கட்டிக் கங்கையில் தள்ளினான். பீமன் நாகலோகத்துக்குப் போய், அங்கே ரசம் குடித்து, பத்தாயிரம் யானை பலத்தோடு திரும்பி வந்தான். பிறகு துரியோதனன் கை சுற்றுவழிக்குப் போனது.

அவனுக்கு வந்த பயம் என்ன என்று வியாசர் தெளிவாக எழுதியிருக்கிறார். ஊர் மக்கள் தருமன்தான் அரசனாக வேண்டும் என்று தெருவில் பேசுகிறார்கள். அதைக் கேட்டுத்தான் அவன் தந்தையிடம் போகிறான். பாண்டவர்கள் சாக வேண்டும், அதே சமயம் மக்கள் தன்னைக் கைகாட்டக் கூடாது. பங்காளி செத்துக் கிடக்க, இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், ஊர் இவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். வில்லன் சுற்றி வளைப்பது எதிரியைக் கொல்வதற்காக என்று நினைக்காதீர்கள். கொல்ல ஒரு கத்தி போதும். இத்தனை சுற்றும் நல்ல பெயருக்காக!

அந்த நல்ல பெயருக்கு எத்தனை ஆள் பாருங்கள். வாரணாவதம் எவ்வளவு அழகான ஊர், அங்கே பசுபதிக்கு எப்பேர்ப்பட்ட விழா என்று சபையில் புகழ்வதற்கு அமைச்சர்கள். போய்விட்டு வாருங்களேன் என்று பாசமாகச் சொல்வதற்கு ஒரு பெரியப்பா, திருதராஷ்டிரன். கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் அன்றைக்கே முன்னால் ஓடுவதற்குத் துரியோதனனின் ஆள் புரோசனன். சணல், குங்கிலியம், மூங்கில் கொண்டுவர ஆள். மண்ணோடு நெய்யும் எண்ணெயும் கொழுப்பும் அரக்கும் குழைத்துச் சுவர் பூச ஆள். பாண்டவர்கள் வந்து பத்து இரவுகள் வேறு இடத்தில் தங்கிய பிறகு, புரோசனன் கையைக் கட்டிக்கொண்டு வந்து வீட்டைக் காட்டுகிறான். அந்த வீட்டுக்கு அவன் வைத்த பெயர் 'சிவம்', மங்கலம்! உள்ளே கால் வைத்ததும் தருமன் பீமனிடம் சொல்கிறான்: நெய்யும் கொழுப்பும் அரக்கும் வாசம் வீசுகிறது, இது எரிப்பதற்காகக் கட்டிய வீடு.

அத்தனை பொருளும் அத்தனை ஆளும், மூக்குள்ள ஒருவன் நுழைந்ததும் வெளிச்சமாகிவிட்டது.

முன்பு தங்கிய இடத்துக்கே போய்விடலாமே என்கிறான் பீமன். தருமன் மறுக்கிறான். நமக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்தால் புரோசனன் இன்றைக்கே தீ வைப்பான், ஓடினாலும் துரியோதனனிடம் ஒற்றர் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, பதவி இருக்கிறது, நம்மிடம் ஒன்றும் இல்லை என்கிறான். அப்போதுதான் ஒருவன் வருகிறான். ஐயா, இவனுக்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

சித்தப்பா விதுரர் அனுப்பிய ஆள். சுரங்கம் தோண்டுகிறவன். நம்புவதற்கு என்ன அடையாளம்? புறப்படும்போது விதுரர் தருமனிடம் பிறருக்குப் புரியாத பாஷையில் பேசினாரே, தருமன் 'புரிந்தது' என்று சொன்னானே, அதை அப்படியே சொல்கிறான். தேய்பிறைப் பதினான்காம் நாள் இரவு புரோசனன் தீ வைக்கப் போகிறான் என்கிறான். பிறகு வேலையைத் தொடங்குகிறான். ஒரு சுரங்கத்து மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டைச் சுற்றி அகழி தோண்டுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு உள்ளே சுரங்கம் தோண்டினான்! வாசலிலேயே புரோசனன் குடியிருக்கிறான். அவன் பார்வையிலேயே தோண்டினான். வீட்டின் நடுவில் வாய், அதற்கு ஒரு கதவு, அந்தக் கதவு தரையோடு தரையாக. மேலே நடப்பவனுக்குத் தெரியாது. அந்த ஊரில் அந்த விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை.

அஸ்தினாபுரத்து அரண்மனை முழுக்க உட்கார்ந்து போட்ட திட்டத்தை, கடப்பாரை பிடிக்கத் தெரிந்த ஒருவன் தோற்கடித்தான். அவன் பெயர் என்ன? லட்சம் சுலோகம் இருக்கிற பாரதத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. புரோசனனுக்குப் பெயர் இருக்கிறது! தீ வைக்க வந்தவன் பெயர் நமக்குத் தெரிகிறது, வழி தோண்டியவன் பெயர் யாருக்குத் தெரியும்? (நீண்ட கைதட்டல்)

சில பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்குப் பெருமை. பெரிய மேடைகளில், பெரிய மாலைகளோடு பேசுகிறவர்கள். இந்த வில்லன்களெல்லாம் முட்டாள்கள், கதை நீள வேண்டுமே என்று எழுதுகிறவன் வைத்த முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். துரியோதனன் முட்டாளா? பாண்டவர்கள் ஓராண்டு முழுக்க அந்த வீட்டில் பயந்து பயந்து, பகலெல்லாம் வேட்டை என்ற பெயரில் காட்டு வழி பார்த்து, இரவெல்லாம் ஆயுதத்தோடு படுத்தார்களே, முட்டாள் அப்படிப் பயப்பட வைப்பானா? வில்லன் முட்டாள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவனுக்கு உதவிய அமைச்சர்களைப் பற்றிப் பேச வேண்டாம், கண்டும் காணாமல் இருந்த பெரியப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம். பேசினால் முன்வரிசையில் யாருக்காவது உறுத்தும்! மாலைக்கு ஆசைப்பட்டு மௌனமாக இருக்கிற அறிஞர்களைவிட, சுவர் பூசிய கொத்தனார் எனக்கு மேல். அவன் வயிற்றுக்காகப் பூசினான். இவர்கள் எதற்காகப் பூசுகிறார்கள்? (கைதட்டல்)

இன்னும் சொல்வேன். ஆறு உயிரைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தப் பூச்சு வேலையில் சேர்ந்தவன் ஆகிவிடுவேன்.

அந்த இரவு. குந்தி அந்தணர்களுக்கு விருந்து வைக்கிறாள். சாப்பிட்டவர்கள் போய்விட்டார்கள். ஒரு வேட்டுவப் பெண், நிஷாதர் குலம், ஐந்து பிள்ளைகளோடு சோறு தேடி வந்தாள். உண்டார்கள், கள் குடித்தார்கள், உணர்வில்லாமல் அந்த வீட்டுக்குள்ளேயே தூங்கிவிட்டார்கள். பீமன் தீ வைத்தான். புரோசனன் வெந்தான். பாண்டவர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். அந்தத் தாயும் ஐந்து பிள்ளைகளும் எரிந்தார்கள்.

தற்செயல் என்று சொல்லத் துடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ஆதிபருவத்தைத் திறந்து படியுங்கள். தருமன் தம்பிகளிடம் சொல்கிறான்: ஆயுதசாலைக்குத் தீ வைப்போம், புரோசனனை எரிப்போம், ஆறு உயிரை இங்கே வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் போவோம். ஆறு என்று எண்ணிச் சொல்கிறான். எனக்குத் தருமன் மீது மரியாதை உண்டு. அந்த வரி என் தொண்டையில் நிற்கிறது. வில்லனின் திட்டத்திலிருந்து தப்ப நல்லவனும் ஒரு திட்டம் போட்டான், இரண்டு திட்டத்துக்கும் நடுவில் சோற்றுக்கு வந்தவள் எரிந்தாள்.

வங்கத்து எழுத்தாளர் மகாசுவேதா தேவிக்கும் இது பொறுக்கவில்லை. அந்தக் குடும்பத்து மருமகள் ஒருத்தியைக் காட்டில் இருக்கிற முதிய குந்தியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தார். பாரதத்தில் குந்தி கடைசியில் காட்டுத் தீயில்தான் இறக்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கதையைப் படியுங்கள்.

நான் சொன்னேனே, எல்லாம் நல்ல பெயருக்கு என்று. அது கிடைத்ததா? விடிந்தது. வாரணாவதத்து மக்கள் ஓடி வந்தார்கள். சாம்பலைக் கிளறினார்கள். சுரங்கம் தோண்டினவன் அவர்களோடு சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்கிற மாதிரி நின்று, சுரங்கத்தின் வாயைச் சாம்பலால் மூடினான். கடைசி வேலையையும் அவன்தான் செய்தான். ஆறு உடலைக் கண்டு பாண்டவர்கள் போய்விட்டார்கள் என்று ஊர் கதறியது. அழுதுகொண்டே என்ன சொன்னார்கள் தெரியுமா? இது துரியோதனன் வேலை, திருதராஷ்டிரனுக்குத் தெரியாமல் நடந்திருக்காது! ஓராண்டுத் திட்டம், அமைச்சர்களின் புகழுரை, சிவம் என்ற பெயர் எல்லாவற்றையும் ஒரே காலையில் சாதாரண சனங்கள் உரித்துப் போட்டார்கள். அங்கே அஸ்தினாபுரத்தில் பெரியப்பா அழுதார், நீர்க்கடன் செய்தார். வாரணாவதம் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்த ஊரை இன்றைக்கு உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்துப் பர்னாவா என்று காட்டுகிறார்கள். ஒரு மேடு இருக்கிறது, லாட்சாகிருகம், அதாவது அரக்கு மாளிகை, என்று சொல்கிறார்கள். அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. பகடை துகில் உண்டு, கர்ண மோட்சம் உண்டு, பதினெட்டாம் போர் உண்டு, படுகளம் உண்டு, தீமிதி உண்டு. விழாக்குழுவில் இருக்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்த முகங்கள் நாலைந்து தெரிகின்றன. உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். இந்த ஆண்டு பிரசங்கியாரிடம் சொல்லி வாரணாவதத்துக்கு ஒரு முழுப் பொழுது ஒதுக்குங்கள். சுவயம்வரத்துக்கு அவசரப்பட்டுத் தாண்டிப் போக விடாதீர்கள். சுரங்கம் தோண்டியவனைப் பற்றி ஒரு நாழிகையாவது பேசச் சொல்லுங்கள். அந்த வேட்டுவத் தாயையும் ஐந்து பிள்ளைகளையும் பற்றிப் பேசாமல் பாண்டவர்களைக் கரையேற்ற விடாதீர்கள். அவர் மறந்தால், கூட்டத்தில் எழுந்து நின்று நீங்கள் கேளுங்கள்.